பஞ்சாய் விழுந்த நட்சத்திரங்கள்

வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்திக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படமெடுக்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. பேருந்து ஓட்டுநருக்கு ஒரு படமும் தேறவில்லை.

“புள்ளியா விழ வேண்டிய நட்சத்திரம் பஞ்சு பஞ்சா விழுதே!” என்று கணினித் திரையைப் பார்த்துப் புலம்பினார். தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபோகஸ் குமிழைத் திருகித் திருகி விரலே காய்த்துவிட்டது.

“அதைக் கொஞ்சுறதுல பாதி என்னைக் கொஞ்சியிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்” என்றாள் மனைவி.

“சும்மா இரு. இதுலதான் எங்கேயோ கோளாறு. இன்னிக்கு அதைக் கண்டுபிடிச்சே ஆகணும்.”

அடுத்து எடுத்த படமும் பஞ்சாகவே தெரிந்தது. அவர் அதை அழிக்கப் போனபோது மனைவி கையைப் பிடித்தாள்.

“ஐயோ, இதையா அழிக்கிறீங்க? ஒவ்வொண்ணும் ஊசியால குத்தின மாதிரி எவ்வளவு துல்லியமா இருக்கு!”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டுதான் சொல்றேன். உங்க டெலஸ்கோப்புக்கு ஒரு கோளாறும் இல்லை. இப்பவாவது சந்தோஷமா?”

அவர் தலையாட்டினார்.

கண் ஆபரேஷன் முடிந்த அன்று, “மறுபடியும் மங்கலாத் தெரிஞ்சா அதுக்கு மேல வைத்தியம் இல்லை, வண்டி ஓட்டுறதை மறந்துடுங்க” என்று கண் மருத்துவர் சொன்னதை, அவர் இன்னும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.