சதாசிவம் சாரின் மானிட்டர்

மலேசியாவின் உலு திராமில் கணினிப் பழுதுபார்ப்பு மாலை வகுப்பின் இறுதித் தேர்வு. சதாசிவம் சார் கேம் விளையாடும் மானிட்டர் அவ்வப்போது கறுத்துப்போகிறது. காரணம் கண்டுபிடித்தால் பாஸ்.

புதுக் கேபிள் மாட்டினேன். போர்ட்டை மாற்றினேன். சார் கேமைத் தொடர்ந்தார். சற்று நேரத்தில் திரை மறுபடியும் கறுத்தது. சார் திடுக்கிட்டு மவுஸை அசைத்தார், படம் வந்தது.

"பாத்தியா தம்பி, மறுபடி போச்சு. என்ன கோளாறு?"

காரணம் புரிந்தமாதிரி இருந்தது. ஆனால், எனக்கு முன் பதில் சொன்ன, வகுப்பிலேயே கெட்டிக்காரியான லோஷினியே ஃபெயில். எனக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"கேபிள் லூஸ் சார்."

"நானும் அதான் நெனச்சேன் லா. பாஸ்."

வெளியே லோஷினியிடம், "நீ என்ன சொன்ன?" என்றேன்.

"உள்ளதச் சொன்னேன். மவுஸ் அசையலன்னா திரை தானா அணைஞ்சிரும் சார், விளையாடறப்ப தூங்காதீங்கன்னு."