வண்டிக்குப் பிடித்த பாட்டு

நாய் பிடிக்கும் வண்டியைப் பாட்டிலேயே கிழிகிழியென்று கிழித்து, மூன்று தெருநாய்கள் தங்கள் பங்க் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டன. மனிதர்கள் கல்லெறிந்தார்கள். ஊர் நாய்களோ அந்த ஆல்பத்தின் ‘ஏறாதே, ஏறாதே’ பாட்டை மனப்பாடமே செய்துவிட்டன.

வண்டியும் தேடி வந்தது. “என்னை இவ்வளவு அழகா யாரும் திட்டினதில்லை,” என்று பாராட்டிவிட்டுப் போனது.

டிரம்ஸ் அடிக்கும் செவலைக்கு அது உறுத்தியது. “திட்டு வாங்கினவன் எதுக்குடா சிரிக்கிறான்?”

“உனக்கு எதுலதான் சந்தேகம் இல்லை?” என்றது முன்னால் நின்று பாடும் சொறியன்.

மறுநாள் வண்டியின் ஒலிபெருக்கியில் அதே பாட்டு அலறியது. பின்கதவு திறந்திருந்தது. நாய்கள் ஆடிக்கொண்டே ஏறின. முதலில் ஏறியது சொறியன்தான்.

“ஏறாதே, ஏறாதே,” என்று செவலை தொண்டை வற்றக் கத்தியது.

உள்ளே இருந்தவையெல்லாம் கூடச் சேர்ந்து பாடின.