செவ்வாய்க்கிழமை மோட்டார்

“மாமி, உங்க டாங்கு எப்பவோ நிறைஞ்சிருச்சு. மோட்டாரை அமத்துங்க.”

கதவைத் திறந்த உம் ஸுஹைல் கையில் புதினாக் கட்டோடு நின்றாள்.

“நிறைஞ்சா என்ன கண்ணு? வாரத்துல ஒரு நாள் வருது. ஓடட்டும்.”

“ஒரு நாள்தான் வருதுன்னுதான் நானும் சொல்றேன்.”

“உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ.”

ஹதீல் டீ குடிக்கிற நிலையில் இல்லை. அதே மாடியில் எதிரே இருந்த தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய சத்தம் தெரு வரை கேட்டிருக்கும்.

அம்மான் நகரத்தில் அந்தத் தெருவுக்குச் செவ்வாய்தான் தண்ணீர் நாள். அன்றைக்கு மொட்டை மாடி டாங்கில் பிடித்து வைப்பதைக் கொண்டுதான் அடுத்த செவ்வாய் வரை ஓட்ட வேண்டும். தனியாக இருக்கிற ஒரு விதவை, மத்தியானம் போட்ட மோட்டாரை சாயங்கால மக்ரிப் பாங்கு வரை ஓட விடுகிறாள். பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் கடைசி வருஷம் படிக்கிற பெண்ணுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

“ஊரே தண்ணிக்குத் தவிக்குது. இந்தம்மா சாக்கடைக்கு ஊத்துது” என்றாள், அறைத்தோழி மைஸாவிடம்.

“சாக்கடைக்குத்தான் போகுதுன்னு பாத்தியா?”

“மாடிக்குப் போய்ப் பாத்தேன். டாங்கு மேல ஒரு ஓட்டை, அதுல ஒரு குழாய். வழியற தண்ணி அதுல சோன்னு ஓடுது. சாக்கடைக்குப் போகாம வேற எங்க போகும்?”

“குழாய் பின்னாடியே போய்ப் பாக்கலையா?”

“பத்துப் பன்னெண்டு டாங்கு சந்துல புகுந்து போகுது. அந்த வெயில்ல எவ போவா? நம்ம வீட்டைப் பாரு. மோட்டாரே கிடையாது. தானா ஏறுற தண்ணியே நமக்குப் போதுது. என்னிக்காவது தீர்ந்திருக்கா? அதுக்குப் பேருதான் சிக்கனம்.”

“நீ அரை மணி நேரம் குளிக்கிறப்பகூடத் தீரலையே” என்றாள் மைஸா.

இது ஹதீலின் காதில் விழவில்லை. அவளுக்கு வேறு கவலை. அவளுடைய ப்ராஜெக்டைப் பேராசிரியர் நஷாத் ஏற்கனவே திருப்பிக் கொடுத்திருந்தார்.

“இதெல்லாம் இன்டர்நெட்டுலயே கிடைக்கும்மா. ஒரே ஒரு வீட்டுல தண்ணி வீணாறதை நிறுத்திக் காட்டு. பாஸ் போடறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்.”

டிகிரி கைக்கு வந்தால் அகபா நகரத்தில் ஒரு வேலை காத்திருந்தது. அது அடுத்த வருஷம் வரை காத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை உம் ஸுஹைல் மகள் வீட்டுக்கு ஸர்க்கா போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து, பிளம்பர் ஒருவனைக் கூட்டிக்கொண்டு ஹதீல் மாடிக்கு ஏறினாள். தண்ணீர் நிறைந்ததும் தானே மூடிக்கொள்கிற மிதவை வால்வு ஒன்றை அந்த டாங்குக்குள் மாட்டியாயிற்று.

“அந்தம்மாவைக் கேட்டியா?” என்றாள் மைஸா.

“நல்ல காரியத்துக்கு எதுக்குக் கேக்கணும்?”

செவ்வாய் வந்தது. மத்தியானம் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் உறுமியது, திணறியது. உம் ஸுஹைல் ஓடிப்போய் அமத்துவது எதிர் வீட்டிலிருந்து கேட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. ஹதீலுக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது.

பேராசிரியருக்கும் நிறைந்துவிட்டது.

“ஒரு சின்ன வால்வு. ஒரு சாயங்காலத் தண்ணி மிச்சம். இதைத்தான் நான் கேட்டேன். ஞாயித்துக்கிழமை டிபார்ட்மென்ட் முன்னாடி நீ பேசணும். அந்தப் பக்கத்து வீட்டம்மாவைப் பத்தியும் சொல்லு. படிக்காதவங்ககிட்ட விழிப்புணர்வு எவ்வளவு குறைவுன்னு பசங்களுக்குப் புரியட்டும்.”

சனிக்கிழமை சாயங்காலம் ஹதீல் அந்தப் பேச்சுக்கு ஒத்திகை பார்த்தபடி தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். குழாய் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான்.

“மைஸா, தண்ணி நின்னு போச்சு.”

“சமையல்கட்டுலயும் வரல. உன் சிக்கனம் என்ன ஆச்சு?”

கண் எரிந்தது. வேறு வழியில்லாமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வாளியோடு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள் ஹதீல். தட்டவே கூசியது.

“மாமி, ஒரு வாளி தண்ணி தர முடியுமா?”

உம் ஸுஹைல் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

“நானே வந்து சொல்லணும்னு இருந்தேன் கண்ணு. மன்னிச்சுக்கோ.”

“எதுக்கு மாமி?”

“உங்க வீட்டுக் குழாய்ல இந்த மாடிக்குத் தண்ணி ஏறி வருஷக்கணக்காச்சு. உங்க வீட்டு ஓனர் மோட்டார் வெச்சுக் குடுக்க மாட்டேங்கறான். படிக்கிற பிள்ளைங்க என்ன பண்ணும்னு, என் டாங்கு நிறைஞ்சு வழியறதை ஒரு குழாய் போட்டு உங்க டாங்குக்கு விட்டிருந்தேன். சொன்னா கூச்சப்படுவீங்கன்னு சொல்லல. இந்தச் செவ்வாய் பாரு, என் டாங்குல என்னமோ அடைச்சுக்கிச்சு. உங்களுக்கு ஒரு சொட்டுப் போகல.”

ஹதீலின் தலையிலிருந்து நுரை வழிந்து துண்டை நனைத்தது.

“நீதான் இதெல்லாம் படிக்கிறவளாச்சே கண்ணு. மேல ஏறி, என்ன அடைச்சிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”