மூன்றாம் லைனில் ஒரு வழியனுப்பு விழா

துயெட் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே ரம்புத்தான் பழங்களைத் தட்டில் அடுக்கினாள். ஒரு இன்ஜினியருக்கு உற்பத்தி லைன் பெண்கள் கைக்காசு போட்டு வழியனுப்பு விழா வைப்பது, பியன் ஹோவாவின் ஷூ தொழிற்சாலைகளில் அதுவரை யாரும் காணாத அதிசயம்.

"அழறியாக்கா?" என்று பக்கத்திலிருந்த ஹான் சீண்டினாள்.

"போடி. பசை நெடி."

அந்த இன்ஜினியர் கியெம் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. யார் எத்தனை நொடியில் அடிப்பாகம் ஒட்டுகிறார்கள், யார் எத்தனை தடவை கழிப்பறைக்குப் போகிறார்கள், எல்லாம் அவன் தாளில் ஏறியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரையில் பெட்டி அட்டைகளை விரித்துக் கண்ணயர்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். விரித்து மடக்க நான்கு நிமிடம் வீணாகிறதென்று அட்டைகளையே அள்ளிக்கொண்டு போய்விட்டான் புண்ணியவான். உட்கார்ந்தபடியே தூங்கலாமாம்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. உற்பத்தியைப் பதினைந்து சதவீதம் ஏற்றிக் காட்டாவிட்டால் அவனுக்கே வேலை போய்விடும். முதல் நான்கு வாரம் ஒரு சதவீதம்கூட அசையவில்லை. பையனுக்குக் கன்னம் ஒட்டிப்போனது.

"ஏன் தம்பி, பதினஞ்சு வந்துட்டா என்ன பண்ணுவே?" என்று ஒருநாள் துயெட் அக்கா விசாரித்தாள்.

"வந்துட்டா இங்க என் வேலை முடிஞ்சுதுக்கா. ஹாய் ஃபோங் ஆலைக்கு அனுப்பிடுவாங்க."

"அடடா, வடக்கேவா! ரொம்ப தூரமாச்சே" என்று அக்கா உச்சுக்கொட்டினாள்.

மறுநாளே எண் ஏறத் தொடங்கியது. ஐந்து, ஒன்பது, பன்னிரண்டு. பசை டப்பாவை வலப்பக்கம் நகர்த்தியதுதான் காரணம் என்று கியெம் தலைமை அலுவலகத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான். பெண்களுக்கோ, வீட்டுக்குப் போனால் சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கவும் மணிக்கட்டில் தெம்பில்லை. போன வியாழக்கிழமை பதினாறைத் தொட்டார்கள்.

விழாவில் கியெம் பேச எழுந்தான்.

"நீங்க எல்லாரும் எனக்காகத்தான் இப்படி ஓடினீங்க. எனக்குத் தெரியாதாக்கா?"

"பின்னே? உனக்காகத்தான் தம்பி" என்றாள் துயெட் அக்கா, தன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டபடி. "பஸ் எத்தனை மணிக்கு?"

"பஸ்ஸா? அதைத்தான் கடைசியில சொல்லலாம்னு அடக்கி வெச்சிருந்தேன்!" கியெம் முகம் மலர்ந்தது. "காலையில தலைமை அலுவலகத்துலேருந்து போன். இவ்வளவு நல்லாச் செஞ்சவனை எதுக்கு மாத்தணும்னு, இந்த லைனுக்கே நிரந்தரமாப் போட்டுட்டாங்க!"

கொறித்துக்கொண்டிருந்த வறுத்த தர்பூசணி விதையை ஹான் தோலோடு விழுங்கினாள். அறுபது பெண்களும் துயெட் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா பழத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"பழையபடி மெதுவாச் செஞ்சா போயிடுவியா, தம்பி?"