வாளித் தண்ணீர்

தெலுக் பங்லிமா காராங் செம்பனைத் தோட்டத் திடலில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான லீக் இறுதி ஆட்டம். இடைவேளைக்குள் செமினி அணியின் அர்ச்சுனன் மூன்று கோல் போட்டுவிட்டார். கோப்பை கைநழுவுவதைப் பார்த்த உள்ளூர் அணியின் மேனேஜர் விமலனுக்குச் சந்தேகம் முளைத்தது.

"ரெஃப்ரி அண்ணே, அந்த ஆளுக்கு முப்பதுகூட இருக்காது லா. என்னா ஓட்டம் ஓடுறான்!"

"அடையாள கார்டு, ஐசி பார்த்தாச்சுப்பா. வயசு ஐம்பத்தாறு."

"அப்பன் ஐசியா இருக்கும்ணே. தலையில இருக்கிற நரை அத்தனையும் முகப் பவுடர். தண்ணி ஊத்திப் பாருங்க, கறுத்துடும்!"

"இவ்வளவு விவரமா எப்படிச் சொல்ற?"

"கண்ணு இருக்குல்ல?"

ரெஃப்ரி ஒரு வாளித் தண்ணீரை அர்ச்சுனன் தலையில் கவிழ்த்தார். நரை நரையாகவே இருந்தது.

"நல்லா குளுகுளுன்னு இருக்கு பாஸ்," என்று அர்ச்சுனன் தலையைத் துவட்டினார்.

ரெஃப்ரி வாளியை மறுபடி நிரப்பினார். "நியாயம்னா ரெண்டு பக்கமும்தான். உன் டீமை வரிசையா நிக்கச் சொல்லு."

விமலன் திரும்பிப் பார்த்தார். முதல் பாதி முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டிய அவருடைய பதினொரு நரைத்தலையர்களும் தோட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டத்தை அர்ச்சுனனாலும் பிடித்திருக்க முடியாது. போன வழியெல்லாம் பவுடர் பறந்தது.