ரகசியக் கேள்வி

2003இல் சின்னக் காஞ்சிபுரத்தில், வைதேஹியின் தெருவில் ஈமெயில் வைத்திருந்த பாதிப் பேருக்கு ஒரே பாஸ்வேர்டு: வரதன். பெருமாள் பெயர் மறக்காது என்பதுதான் காரணம். அந்த ஆடி மாதம் எவனோ அதைக் கண்டுபிடித்து, தெருவாரின் கடிதங்களை எல்லாம் அழித்துவிட்டான்.

ஓய்வுபெற்ற டீச்சரான வைதேஹி பதறிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அமெரிக்காவிலிருந்து மகள் ஸிந்துஜா எழுதிய மூன்று வருஷக் கடிதங்கள் அதில் இருந்தன. வரதன் என்று அடித்தாள். திறக்கவில்லை.

“உங்களுத மட்டும் யாரோ முன்னாடியே மாத்தி வச்சிக்கிறாங்கமா,” என்றான் கடைக்காரன் கமல். “கேள்வி ஒண்ணு கேக்குது. பதில் தெரியுதா பாருங்க.”

ஆங்கில எழுத்துகளில் தமிழில் கேட்டிருந்தது: ‘குளப்படியில எதைத் தொலைச்சே?’

கல்யாணமான புதிதில் தொலைத்த மெட்டி. மாமியாருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர் கணவர் ஸௌந்தரராஜன் ஒருவர்தான். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. அவர் போய் இரண்டு வருஷமாகிறது.

பதிலை அடித்தாள். ஒரு கடிதமும் குறையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் கைகூப்பினாள். புதுப் பாஸ்வேர்டு கேட்டபோது, பழக்கதோஷத்தில் மறுபடியும் வரதன் என்றே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அது செல்லவில்லை. கேள்வியும் மாறியிருந்தது: ‘பிரஷர் மாத்திரை போட்டுண்டியா?’

‘ஆச்சு’ என்று அடித்தாள். திறக்கவில்லை.

வைதேஹி கைப்பையைத் துழாவி மாத்திரையை எடுத்தாள்.

“கொஞ்சம் தீர்த்தம் குடுப்பா,” என்று கமலிடம் வாங்கி விழுங்கினாள். பிறகு அதே பதிலை அடித்தாள்.

திறந்தது.