அசுசேனா வீட்டு ஆம்பளை

"பத்து பவுண்டு அரிசி, ஆறு டின் மீனு, ஒரு சீப்பு வாழைக்காய், ரெண்டு பியர், ஒரு ஷேவிங் பிளேடு. சீக்கிரம் குடு அக்கா, ரெண்டு மணிக்கு ஊரடங்கு!"

கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அசுசேனா உரக்கச் சொன்னாள். கடைக்காரி நர்சீசா கம்பி இடுக்கு வழியாகச் சாமான்களை ஒவ்வொன்றாக நீட்டினாள். கொரோனா வந்த மூன்றாவது வாரம். குவாயாகில் நகரமே கடை கடையாக அலைந்துகொண்டிருந்தது. கை துடைக்கும் ஆல்கஹாலும் முகக்கவசமும் கண்ணில் படவில்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள் ஜனங்கள்.

"பியர் யாருக்கு?" என்றார் எஃப்ராயின், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அசுசேனாவின் எதிர்வீட்டுக்காரர்.

"என் வீட்டுக்காரருக்குத்தான். பின்னே, உங்களுக்கா வாங்குவேன்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எஃப்ராயின் சிரிக்கவில்லை.

"ஸ்பெயின்ல இருந்து கடைசி பிளேன்ல வந்துட்டார்னு சொன்னே. தனியா அடைஞ்சிருக்கச் சொன்ன பதினாலு நாளும் தாண்டிடுச்சு. ஃபிரெடியோட தலை ஜன்னல்ல கூடத் தெரியலையே?"

"உங்க வாய்க்குப் பயந்துதான் வெளிய வரல" என்று சொல்லிவிட்டு அசுசேனா பைகளோடு வேகமாக நடந்தாள்.

வரிசையில் மறுபடி பேச்சு கிளம்பியது. நாளைக்கு அரிசி வராதாம். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையாம். பின்தெருவில் தனியாக இருந்த பெர்த்தா அம்மாவை அடித்துப்போட்டுவிட்டு, கேஸ் சிலிண்டர் வரைக்கும் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

எஃப்ராயின் கம்பியோரம் குனிந்தார். "நர்சீசா, அவ அந்த ஆளைத் திட்டுற சத்தம் தினமும் கேக்குது. பதில் சத்தம் ஒரு நாளும் கேக்கல. அவனால பேச முடியல. மூச்சு வாங்குது. இவ மறைக்கிறா."

"சும்மா இருங்க அண்ணே. ஃபிரெடி நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன் இருமினா ஒட்டாதா? அவ குடுத்த நோட்டை இப்ப நீ தொடல?"

நர்சீசா தன் கையைப் பார்த்தாள். உள்ளே போய்க் கையில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றி, தோல் எரியும்வரை தேய்த்தாள்.

மத்தியானம் சுகாதாரத் துறைக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரம் பாட்டு மட்டும் கேட்டது. மறுநாளும் பாட்டு. மூன்றாம் நாள் பாட்டும் இல்லை. அன்று காலையில் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. தூசியாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவளால் கல்லாவில் உட்கார முடியவில்லை.

அவள் தெருவில் இறங்கியபோது அசுசேனா வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருந்தது. எல்லோர் முகத்திலும் துணி. எஃப்ராயின் கையில் சங்கிலியும் பூட்டும்.

"அசுசேனா! உன் புருஷனை வெளிய கூப்பிடு. எங்க கண்ணுல ஒரு தரம் காட்டு, போதும்!"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. தூங்குறாரு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு வீட்டின் உட்புறம் திரும்பிக் கத்துவது கேட்டது. "ஃபிரெடி, நீ வராதே! நான் பேசிக்கிறேன்!"

"காட்டலைன்னா வெளிய பூட்டுப் போடுவோம். ரெண்டு பேரும் உள்ளயே கெடங்க!"

"என்னை வெச்சுப் பூட்டாதீங்க அண்ணே, உங்க கால்ல விழுறேன்!"

சங்கிலி கதவில் உரசியது. சட்டென்று தாழ்ப்பாள் விலகி, கதவு ஒரு சாண் திறந்தது. கூட்டம் பத்தடி பின்னால் பாய்ந்தது. எஃப்ராயின்தான் முதலில் ஓடினார்.

நர்சீசா மட்டும் நின்றாள். தனக்கு ஒட்டிவிட்டதா, இல்லையா? அது தெரியாமல் இன்னொரு ராத்திரி அவளால் படுக்க முடியாது. முகத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"வேணாம் அக்கா, உள்ள போகாதே!" அசுசேனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நர்சீசா உதறிவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

"ஃபிரெடி அண்ணே..."

கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குளியலறை, சமையலறை, கொல்லைப்புறம் என்று ஓடி ஓடிப் பார்த்தாள். எங்கும் யாரும் இல்லை. அப்படியானால் நோயும் இல்லை! மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்க, ஜன்னலுக்கு ஓடித் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"பயப்படாதீங்க! இங்க ஆம்பளை யாருமே இல்ல! இவ ஒருத்தி தனியாத்தான் இருக்கா!"

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

"அவரு பிளேனே ஏறல அக்கா. ஸ்பெயின்ல, மாத்ரித் ஆஸ்பத்திரியிலயே செத்துப் போய்ட்டாரு, இருபது நாளாச்சு. தனியா இருக்கேன்னு தெரிஞ்சா பெர்த்தா அம்மா கதிதான் எனக்கும்னு, வாய் விட்டு அழக்கூட இல்ல. இப்படி ஊருக்கே சொல்லிட்டியே!"

நர்சீசா ஜன்னல் வழியே பார்த்தாள். கண்களை மட்டும் விட்டு மூடிய முப்பது முகங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் பாதிப் பேர் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை.